பரு மாத்திரை சாப்பிடும் மாதங்களில் முகத்துக்கு எதைப் பூசலாம், எதை விடலாம்?

முற்றிய பருவுக்கு ஐசோட்ரெட்டினோயின் எழுதிய சீட்டோடு மருந்துக்கடைக்கு வருகிறவர்கள், மாத்திரையை வாங்கிப் பையில் போட்டதும் பெரும்பாலும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "இதோட சேர்த்து எந்த ஃபேஸ்வாஷ் வாங்கலாம்?" கூடவே பருவுக்கான ஜெல், ஸ்க்ரப், வைட்டமின் சி சீரம் என்று அலமாரியில் கண்ணில் படுவதையெல்லாம் எடுத்துக் காட்டச் சொல்வார்கள். கவுண்டருக்கு உள்ளே நின்று மருந்து எடுத்துக் கொடுக்கிற எனக்கு இதில் உறுதியான ஒரு கருத்து உண்டு. இந்த மாதங்களில் பருவை அடக்குவது மாத்திரையின் பொறுப்பு. மேலே பூசுகிற எதற்கும் ஒரே வேலைதான்: தோல் வெடிக்காமல், எரியாமல் பார்த்துக்கொண்டு, மருந்தைப் பாதியில் விடாமல் முடிக்க உதவுவது. இந்த அளவுகோலை வைத்துப் பார்த்தால் கடையில் இருக்கும் பொருட்களில் பெரும்பகுதி தானாகவே கழிந்துவிடும். மிஞ்சுவதில்தான் தேர்வு.

ஐசோட்ரெட்டினோயின் வைட்டமின் ஏ குடும்பத்தைச் சேர்ந்தது. 1982-ல் ரோஷ் நிறுவனம் இதை அக்யூட்டேன் என்ற பெயரில் அமெரிக்காவில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எண்ணெய்ச் சுரப்பிகளையே சுருக்கிவிடுவது இதன் தனித்தன்மை. முழு அளவில் சாப்பிடும்போது முகத்தில் சுரக்கும் எண்ணெய் 90 சதவீதம் வரை குறையும். பரு அடங்குவதும் அதனால்தான், முகம் காய்ந்து இழுப்பதும் அதனால்தான். இதோடு தோலின் மேலடுக்கும் மெலிகிறது. தோலின் செல்களைச் செங்கல் என்று வைத்துக்கொண்டால், நடுவில் இருக்கும் செராமைடு, கொலஸ்ட்ரால், கொழுப்பு அமிலங்கள் எல்லாம் சாந்து. அந்தச் சுவர் மெலிந்து பிடிப்புத் தளரும்போது உள்ளே இருக்கும் ஈரம் சீக்கிரம் ஆவியாகிறது, வெளியே இருந்து வரும் சோப்பு, வாசனை, வெயில் எல்லாம் முன்பைவிட அதிகமாக உறுத்துகின்றன. நேற்று வரை ஒன்றும் செய்யாத ஒரு க்ரீம் இன்றைக்குத் திடீரென எரிவதற்குக் காரணம் இதுதான். க்ரீம் மாறவில்லை, தோல் மாறியிருக்கிறது.

பூச்சுக்குப் போகும் முன் அளவைப் பற்றி ஒரு வார்த்தை. வறட்சி எவ்வளவு வரும் என்பதை எந்தக் க்ரீமையும்விட மாத்திரையின் அளவே அதிகம் தீர்மானிக்கிறது. வழக்கமான கணக்கு, உடல் எடையில் ஒரு கிலோவுக்கு ஒரு நாளைக்கு 0.5 முதல் 1 மி.கி, மொத்தத்தில் கிலோவுக்கு 120 முதல் 150 மி.கி. 60 கிலோ எடை உள்ளவர் மொத்தம் 7,200 முதல் 9,000 மி.கி வரை சாப்பிட வேண்டும். தினம் 60 மி.கி என்றால் நான்கைந்து மாதம், 30 மி.கி என்றால் எட்டு முதல் பத்து மாதம். நம் ஊரில் பல மருத்துவர்கள் 20 மி.கி அல்லது அதற்கும் குறைவாக எழுதி, நிதானமாகக் கொண்டுபோகிறார்கள். சுமாரான பருவுக்கு அது நன்றாகவே வேலை செய்கிறது, தோலும் அவ்வளவு படுத்தாது. தழும்பு விழுகிற கட்டிப் பருக்களுக்கு மொத்த அளவை எட்டுவது முக்கியம், ஏனென்றால் குறைவாக நிறுத்தினால் பரு திரும்பி வரும் வாய்ப்பு கூடும். அதனால் தாங்க முடியாத வறட்சி வந்தால் நீங்களாக ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிட ஆரம்பிக்காதீர்கள். மருத்துவரிடம் போய்ச் சொல்லுங்கள். அளவைக் குறைத்து நாட்களை நீட்டுவது அவர்களுக்குச் சாதாரண விஷயம்.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், இதில் தேர்வுக்கு இடமே இல்லை. கர்ப்பிணிகள் இந்த மருந்தைத் தொடவே கூடாது; வயிற்றில் இருக்கும் குழந்தைக்குக் கடுமையான ஊனம் வரும் ஆபத்து மிக அதிகம். பெண்கள் மருந்து சாப்பிடும் காலம் முழுவதும், நிறுத்தி ஒரு மாதம் வரையும் கர்ப்பம் தரிக்காமல் இருக்க வேண்டும். அதே காலத்தில் ஆணோ பெண்ணோ யாரும் ரத்த தானம் செய்யக் கூடாது. பழைய சீட்டில் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் மிச்சம் இருந்தால் அதை இதோடு சேர்க்கக் கூடாது. மண்டைக்குள் அழுத்தம் ஏறும் ஆபத்து உண்டு. வைட்டமின் ஏ மாத்திரையும் கூடவே கூடாது. தோழிக்குக் கொடுப்பது, அண்ணன் சாப்பிட்ட மிச்சத்தைத் தம்பி எடுத்துக்கொள்வது, இதெல்லாம் இந்த மருந்தில் வேண்டவே வேண்டாம்.

சரி, பூசுவதற்கு வருவோம்.

முகம் கழுவ: இங்கே காசைச் சேமியுங்கள்

தேர்வுகள் நான்கு. சாதாரணக் குளியல் சோப்பு, பருவுக்கென்று விற்கும் ஃபேஸ்வாஷ், மென்மையான க்ளென்சர் அல்லது சிண்டெட் கட்டி, அப்புறம் கடலை மாவு, பயத்தம் மாவு வகைகள்.

சாதாரணச் சோப்பின் பிஹெச் 9, 10 என்று இருக்கும். நம் தோலோ 5-க்குப் பக்கத்தில், லேசான அமிலத் தன்மை உள்ளது. எண்ணெய் வழிந்த காலத்தில் அந்த வித்தியாசத்தைத் தோல் தாங்கிக்கொண்டது, இப்போது தாங்காது. உள்ளே பார்த்தால் கண்ணாடி போலத் தெரிகிற கிளிசரின் சோப்பும் சோப்புதான். கொஞ்சம் மென்மையானது, அவ்வளவே. தமிழ்நாட்டில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. போர் தண்ணீரில் கால்சியமும் மெக்னீசியமும் அதிகமாக இருக்கும் பகுதிகளில், சோப்பு அவற்றோடு சேர்ந்து பக்கெட்டில் படிகிற அதே வெள்ளைப் படிவத்தைத் தோல் மேலும் விடுகிறது. சென்னைப் புறநகரில் உப்புத் தண்ணீர் வீட்டுக்குக் குடிபோனவர்களுக்கு முகம் இன்னும் மோசமாக இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

சிண்டெட் கட்டியில் இந்தப் படிவம் வராது. பார்க்கச் சோப்பு மாதிரியே இருக்கும், ஆனால் உள்ளே இருப்பது சோப்பு அல்ல. பொருள் பட்டியலில் சோடியம் கோக்காயில் ஐசெத்தியோனேட் அல்லது சோடியம் லாராயில் ஐசெத்தியோனேட் முதலில் இருந்தால் அது சிண்டெட். திரவமாக வேண்டும் என்றால் செட்டாஃபில், செராவி மாதிரியான, நுரையே வராத அல்லது கொஞ்சம்தான் வருகிற க்ளென்சர்கள் இருக்கின்றன. நுரை வராததால் அழுக்குப் போகவில்லை என்று நினைக்க வேண்டாம். இந்த மருந்து சாப்பிடும்போது கழுவ வேண்டிய எண்ணெய் முகத்தில் மிகவும் குறைவு. வியர்வையும் தூசியும் சன்ஸ்கிரீனும் போனால் போதும்.

பருவுக்கான ஃபேஸ்வாஷை நான் இந்த மாதங்களில் முழுதாக ஒதுக்கச் சொல்வேன். அதில் இருக்கும் சாலிசிலிக் அமிலம், பென்சாயில் பெராக்சைடு, டீ ட்ரீ எண்ணெய் எல்லாமே தோலை உலர்த்தும். மாத்திரை ஏற்கெனவே செய்கிற வேலையை இவையும் செய்ய வந்தால் கிடைப்பது கூடுதல் பலன் இல்லை, கூடுதல் எரிச்சல்தான். அடாபலீன் ஜெல் போன்ற பழைய ட்யூப்களுக்கும் இதே பதில். மருத்துவர் தொடரச் சொன்னால் ஒழிய அலமாரிக்குப் போகட்டும். கடலை மாவும் பயத்தம் மாவும் பாட்டி காலத்திலிருந்து வருவது, நல்ல தோலுக்கு நல்லதும்கூட. ஆனால் மாவுத் துகள் தேய்த்து எடுக்கும் பொருள். மெலிந்த தோலில் தேய்ப்பதே தப்பு. முல்தானி மட்டி அதைவிட மோசம், எண்ணெயை உறிஞ்சுவதற்கென்றே இருப்பது.

எது வாங்கினாலும் முகத்தில் ஒரு நிமிடத்துக்கு மேல் இருக்கப்போவதில்லை. அதனால் விலை உயர்ந்த க்ளென்சருக்குச் செலவு செய்ய அர்த்தம் கிடையாது. ஒரு நாளைக்கு இரண்டு முறை, பச்சைத் தண்ணீரிலோ வெதுவெதுப்பிலோ. காலையில் வெறும் தண்ணீரே போதும் என்பவர்களும் உண்டு, அதுவும் சரியே. சுடச்சுட வெந்நீர் வேண்டாம்.

மாய்ஸ்சரைசர்: பெயரைவிட வகையைப் பாருங்கள்

இங்கேதான் குழப்பம் அதிகம். ஒவ்வொரு மாய்ஸ்சரைசரும் மூன்று வேலைகளில் ஒன்றையோ, மூன்றையும் கலந்தோ செய்கிறது. கிளிசரின், ஹயலுரானிக் அமிலம், யூரியா போன்றவை ஈரத்தை இழுத்துப் பிடிக்கும். செராமைடும் கொழுப்பு அமிலங்களும் தோலின் இடைவெளிகளை நிரப்பும். பெட்ரோலியம் ஜெல்லியும் டைமெத்திகோனும் மேலே மூடி போட்டு ஈரம் போகாமல் தடுக்கும். இந்த மருந்தில் இழுத்துப் பிடிப்பது மட்டும் போதாது. மூடியும் வேண்டும்.

கற்றாழை ஜெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். பலரும் முதலில் கேட்பது அதைத்தான். பூசியதும் குளிர்ச்சியாக இருக்கும், அரை மணி நேரத்தில் காய்ந்து முகம் முன்பைவிட இழுக்கும். காரணம் எளிது: அது ஏறத்தாழ முழுக்கத் தண்ணீர், மேலே மூட ஒன்றும் இல்லை. பாட்டிலில் வரும் பச்சை ஜெல்லில் பெரும்பாலும் வாசனையும் நிறமும் சேர்ந்திருக்கும், சிலவற்றில் ஆல்கஹாலும் உண்டு. வீட்டுக் கற்றாழையை வெட்டும்போது வடிகிற மஞ்சள் பால் தோலை அரிக்கும். பன்னீரும் கிளிசரினும் கலந்து பூசுவதும் இதே வகை. ஈர முகத்தில் பூசி மேலே ஒரு க்ரீம் போட்டால் அதற்குப் பலன் உண்டு. ஏசி அறையில் தனியாகப் பூசிக்கொண்டு உட்கார்ந்தால் இல்லை.

தேங்காய் எண்ணெய் பற்றிக் கேட்காத ஆளே கிடையாது. அதை நான் லேசாகத் தள்ளிவிட மாட்டேன். 2014-ல் பிலிப்பைன்ஸிலிருந்து வந்த ஓர் ஆய்வில், எக்ஸிமா இருக்கும் குழந்தைகளுக்குச் செக்கெண்ணெய் மாதிரியான சுத்தத் தேங்காய் எண்ணெய் மினரல் எண்ணெயைவிட நன்றாக வேலை செய்தது. ஆகவே கை, கால், முழங்கை, குதிகாலுக்குத் தாராளமாகத் தடவுங்கள். குளித்து ஈரம் முழுதாகக் காயும் முன் தடவினால் இன்னும் நல்லது. முகத்துக்கும் முதுகுக்கும் வேண்டாம் என்பேன். துளைகளை அடைக்கும் தன்மை அதற்கு உண்டு. பரு வரும் உடல்வாகு உள்ளவர் அந்த இடங்களில் அதைச் சோதித்துப் பார்க்கத் தேவையே இல்லை. ஆலிவ் எண்ணெய் தோலுக்கு நல்லது என்று வாங்குகிறவர்களுக்கு ஒரு தகவல்: அது தோலின் தடுப்பைப் பலவீனமாக்குகிறது என்று 2013-ல் ஓர் ஆய்வு காட்டியது. அது சமையலறையிலேயே இருக்கட்டும்.

மிஞ்சுவது மூன்று: லோஷன், செராமைடு க்ரீம், வெள்ளைப் பெட்ரோலியம் ஜெல்லி.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி மாதிரிக் கடலோர ஊர்களில் காற்றிலேயே ஈரம் இருக்கிறது. அங்கே பகலில் கனமான க்ரீம் பூசினால் ஒரு மணி நேரத்தில் வியர்வையோடு வழியும், எரிச்சலில் துடைத்தெறிவீர்கள். பகலுக்குக் கிளிசரினும் டைமெத்திகோனும் உள்ள வாசனையில்லாத லோஷன் அங்கே போதும். கோவை, ஓசூர், ஊட்டிப் பக்கம் மார்கழி தை மாதங்களில் அந்த லோஷன் காணாது. பகலிலேயே க்ரீம் தேவைப்படும். பகல் முழுக்க ஏசியில் உட்கார்ந்திருப்பவருக்குச் சென்னையிலும் கோவைக் கணக்குத்தான்.

இரவுக்கு எந்த ஊரானாலும் செராமைடு க்ரீம் என் முதல் தேர்வு. விலை கொஞ்சம் கூடுதல்தான், ஆனால் ஒரு டப்பா நாளாகும். கட்டுப்படியாகவில்லை என்றால் கவலைப்பட ஒன்றும் இல்லை: ஏதாவது வாசனையில்லாத லோஷனை ஈர முகத்தில் பூசி, அதன் மேல் பட்டாணி அளவு பெட்ரோலியம் ஜெல்லியை உள்ளங்கையில் தேய்த்து ஒற்றி எடுங்கள். விலைக்கும் பலனுக்கும் இதை மிஞ்ச ஒன்று கடையில் இல்லை. பெட்ரோலியம் ஜெல்லி பருவைக் கிளப்பும் என்ற பயம் பரவலாக இருக்கிறது. அது துளைகளை அடைக்கும் வகை அல்ல. பிசுபிசுப்பாக இருக்கும், தலையணை உறை அழுக்காகும், அவ்வளவுதான் குறை. 1872-ல் வேதியியலாளர் ராபர்ட் செஸ்பரோ வாசலின் என்ற பெயரில் காப்புரிமை வாங்கிய பொருள். இத்தனை காலத்துக்குப் பிறகும் ஈரம் போகாமல் தடுப்பதில் அதை ஒப்பிட்டுத்தான் மற்றவற்றை அளக்கிறார்கள்.

யூரியா க்ரீமை முகத்தில் தவிருங்கள், வெடித்த இடத்தில் சுரீரென்று எரியும். குதிகாலுக்கு அது அருமையான பொருள்.

இதை ஒட்டியே ஓர் எச்சரிக்கை. முகம் சிவந்து எரியும்போது "ஒரு நாள்ல சரியாகும்" என்று யாராவது ஒரு ட்யூப்பைக் கையில் திணிப்பார்கள். அதில் பெட்டாமெத்தசோன், க்ளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருந்தால் அது ஸ்டீராய்டு. ஒரு நாளில் சரியாவது உண்மைதான். அதன் பிறகு விட முடியாமல் போய், தோல் இன்னும் மெலிந்து, ரத்தக் குழாய் தெரிந்து, ஸ்டீராய்டால் வரும் பரு தனியாக வந்து நிற்கும். 2018-ல் மத்திய அரசு இத்தகைய ஸ்டீராய்டு க்ரீம்களை மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று பட்டியலில் சேர்த்ததே இந்தத் துன்பத்தைப் பார்த்துத்தான். மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் என்று எழுதிக் கொடுத்தால் பூசுங்கள். கடையில் கேட்டு வாங்காதீர்கள். நாங்களும் கொடுக்கக் கூடாது.

சன்ஸ்கிரீன்: காசு இங்கே போகட்டும்

ஏப்ரல், மே நண்பகலில் தமிழ்நாட்டில் புற ஊதாக் குறியீடு 11-ஐத் தாண்டும். உலக அளவுகோலில் அதற்கு மேல் வகையே கிடையாது. மெலிந்த தோலோடு அந்த வெயிலில் போனால் எரிவது ஒரு பக்கம். நம் நிறத்துத் தோலில் பெரிய இழப்பு இன்னொன்று: பரு ஆறிய இடத்தில் நிற்கும் கருப்புத் தழும்பு வெயில் பட்டால் மாதக்கணக்கில் போகாது. பரு போய்விட்டது, கரும்புள்ளி போகவில்லை என்று வருத்தப்படுகிறவர்களில் பலர் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டவர்கள்தான். சன்ஸ்கிரீன் மட்டும் பூசாதவர்கள்.

எஸ்பிஎஃப் என்பது தோலை எரிக்கும் புற ஊதா பி கதிரைத் தடுக்கும் அளவு. எஸ்பிஎஃப் 30 அந்தக் கதிரில் சுமார் 97 சதவீதத்தையும், 50 சுமார் 98 சதவீதத்தையும் தடுக்கிறது. அந்த ஒரு சதவீதத்துக்காக அடித்துக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தக் கணக்கு சரியான கனத்தில் பூசினால்தான். முகத்துக்கும் கழுத்துக்கும் ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்குப் பிழிய வேண்டும். நாம் பூசுவது அதில் பாதிகூட இருக்காது. அதனால் 50 வாங்குவது நல்லது, குறைவாகப் பூசும் வழக்கத்துக்கு ஒரு ஈடு. புற ஊதா ஏ கதிரைத் தடுக்கும் அளவைச் சொல்கிற பிஏ என்ற எழுத்துக்குப் பின்னால் மூன்று கூட்டல் குறியாவது இருக்கட்டும்.

ஜெல் வகைதான் கடையில் அதிகம் விற்கும், ஏனென்றால் பிசுக்கு இல்லை. எண்ணெய் முகத்துக்கென்றே செய்த பொருள் அது. இப்போது உங்கள் முகம் எண்ணெய் முகம் இல்லை, இதை ஏற்றுக்கொள்ளப் பலருக்கு நாளாகிறது. ஜெல்லில் இருக்கும் ஆல்கஹால் வெடித்த தோலில் எரியும், அவோபென்சோன் போன்ற வேதிப்பொருள் வியர்வையோடு வழிந்து, ஏற்கெனவே காய்ந்திருக்கும் கண்ணில் இறங்கினால் வண்டி ஓட்டவே முடியாது. ஸிங்க் ஆக்சைடு, டைட்டானியம் டையாக்சைடு உள்ள மினரல் வகை எரியாது, கண்ணையும் உறுத்தாது. ஆனால் மாநிறத்திலும் கறுப்பிலும் சாம்பல் பூசிய மாதிரி தெரியும். அந்த வெள்ளைக்குக் கூச்சப்பட்டே பாதிப் பேர் பூசுவதை விட்டுவிடுகிறார்கள். பூசாத நல்ல சன்ஸ்கிரீனைவிடப் பூசுகிற சுமாரான சன்ஸ்கிரீன் மேல்.

இரண்டுக்கும் நடுவில் நிற்பது நிறம் கலந்த மினரல் சன்ஸ்கிரீன். நிறத்துக்காகச் சேர்க்கும் இரும்பு ஆக்சைடு, சாதாரண சன்ஸ்கிரீன் தடுக்காத கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் ஓரளவு தடுக்கும். கருப்புத் தழும்பை ஆழமாக்குவதில் அந்த ஒளிக்கும் பங்கு உண்டு. விலை கூடத்தான். ஆனாலும் ஃபேஸ்வாஷ், சீரம், ஸ்க்ரப் மூன்றையும் விட்டு மிச்சமாகும் பணம் இதற்குப் போகட்டும் என்பதுதான் என் வாதம். உங்கள் நிறத்துக்கு ஒத்துவரும் ஷேடு கிடைக்கவில்லை என்றால், க்ரீம் வடிவில் வரும், வாசனையில்லாத சாதாரண சன்ஸ்கிரீனைத் தாடையோரம் இரண்டு நாள் பூசிப் பார்த்துவிட்டு எடுங்கள்.

ஸ்கூட்டியில் போகும் பெண்கள் துப்பட்டாவை முகத்தில் சுற்றிக்கொள்வது சிறந்த பழக்கம். பருத்தித் துணியாக, நெருக்கமான நெசவாக, தினம் துவைத்ததாக இருக்கட்டும். வியர்வையில் ஊறிய துணி முகத்தில் உரசினால் வேறு தொல்லை. பையன்கள் குடை பிடிக்கக் கூச்சப்படுகிறார்கள். கூச்சம் தேவையில்லை, பிடியுங்கள். சன்ஸ்கிரீனுக்கு மேல் டால்கம் பவுடர் பூசும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. உரிகிற தோலில் அது திட்டுத் திட்டாக நிற்கும், இருக்கும் ஈரத்தையும் உறிஞ்சிவிடும்.

உதடு

இந்த மருந்து சாப்பிடுகிறவர்களில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் உதடு காயும். உதடு காயவே இல்லை என்றால், மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா, வெறும் வயிற்றில் சாப்பிடுகிறீர்களா என்று மருத்துவரே கேட்பார். கொழுப்புள்ள சாப்பாட்டோடு சேர்ந்தால்தான் இது உடம்பில் சரியாக ஏறும்.

நெய், வெண்ணெய், லிப் பாம், பெட்ரோலியம் ஜெல்லி என்று நான்கையும் பூசிப் பார்ப்பார்கள். நெய் கெடுதல் செய்யாது. ஆனால் நம் ஊர்ச் சூட்டில் உடனே உருகி ஓடும், ருசியாக இருப்பதால் நாக்கு தானாகப் போய் நக்கும். எச்சில் பட்டுக் காய்வதைவிட உதட்டுக்குக் கெடுதல் வேறில்லை. வாசனை, இனிப்பு சேர்த்த லிப் பாமிலும் அதே நக்கும் சிக்கல். மெந்தால், கற்பூரம் சேர்த்தவை ஜில்லென்று இருக்கும், அந்த ஜில்லிப்பே எரிச்சலைக் கிளப்பும். சாதாரணப் பெட்ரோலியம் ஜெல்லியை ஒரு குட்டி டப்பாவில் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, சாப்பிட்ட பின், வாய் கழுவிய பின், தூங்கும் முன் என்று நாள் முழுக்கப் பூசுவதுதான் வெற்றி பெறுகிறது. வெயிலில் போகும்போது மட்டும் எஸ்பிஎஃப் உள்ள, வாசனையில்லாத லிப் பாம். உரியும் தோலைப் பிய்க்காதீர்கள். வாயோரத்தில் வெடிப்பு மஞ்சள் பொருக்குத் தட்டினால் கிருமித் தொற்று, அதற்கு மருத்துவர் தரும் களிம்பு வேண்டும்.

மூக்கின் உட்புறமும் இப்படியே காய்ந்து ரத்தம் கசியும். இரவில் உப்புத் தண்ணீர்ச் சொட்டு மருந்து விட்டு, மூக்குத் துவாரத்தின் ஓரத்தில் மட்டும் மெல்லிதாக ஜெல்லி தடவினால் நிற்கும். கண் உறுத்தினால் பாதுகாப்புப் பொருள் சேர்க்காத செயற்கைக் கண்ணீர் மருந்து; கான்டாக்ட் லென்ஸ் போடுகிறவர்கள் இந்த மாதங்களில் கண்ணாடிக்கு மாறுவது நல்லது. இரவில் பார்வை மங்கினால் வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள்.

முடி எடுப்பது

வாக்ஸிங் கூடவே கூடாது. மெழுகோடு தோலின் மேலடுக்கே உரிந்து வந்துவிடும், பச்சைப் புண்ணாகித் தழும்பும் விழலாம். மருந்தை நிறுத்தி 6 மாதம் வரை இந்தத் தடை. த்ரெட்டிங் அதைவிடப் பரவாயில்லை என்று நினைப்பார்கள். ஆனால் புருவத்துக்கு மேல் தோல் நூலோடு உரிந்து, காய்ந்த பின் கோடாகக் கருத்து நிற்பது நடக்கத்தான் செய்கிறது. புருவத்தைச் சின்னக் கத்தரியாலும் சாமணத்தாலும் ஒழுங்குபடுத்திக்கொண்டு சில மாதம் ஓட்டலாம். மேலுதட்டு முடிக்கு முகத்துக்கான சின்ன ட்ரிம்மர் போதும். முடி எடுக்கும் க்ரீம் வேண்டாம், அது சோப்பைப் போலக் காரத்தன்மை (ஆல்கலி) உள்ளது. ஆண்கள் ரேசரை விட்டு ட்ரிம்மருக்கு மாறினால் பாதித் தொல்லை தீரும். சலூனில் ஷேவ் செய்தால் படிகாரமும் ஆஃப்டர்ஷேவும் போட வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள். ஸ்டிக்கர் பொட்டு வைக்கிறவர்கள் நெற்றியில் அந்த இடம் சிவக்கிறதா என்று பாருங்கள். ஒட்டிப் பிய்க்கிற எதுவும் இந்தத் தோலுக்கு ஆகாது.

தலைக்கு எண்ணெய் வைப்பதை விட வேண்டியதில்லை, நெற்றிக்கு வழியாமல் வையுங்கள். தலைமுடி முன்பு மாதிரிப் பிசுபிசுக்காது என்பதால் ஷாம்பூவை வாரம் இரண்டு முறையாகக் குறைத்துக்கொள்ளலாம்.

கல்யாணத் தேதி இருக்கிறவர்களுக்கு

"ஆறு மாசத்துல கல்யாணம், அதுக்குள்ள முகம் தெளியணும்" என்று இந்த மருந்தைத் தொடங்குகிறவர்கள் நிறைய. அவர்கள் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டும். முதல் மாதத்தில் சிலருக்குப் பரு கூடிவிட்டுத்தான் குறையும். அதனால் தேதிக்கு ஒன்றிரண்டு மாதம் முன்பு இதைத் தொடங்குவது நல்லதல்ல. மணப்பெண்ணாக இருந்தால் கர்ப்பத்துக்கான அந்த ஒரு மாத இடைவெளியை முதலில் கணக்கில் எழுதுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

பார்லர்காரர்கள் முன்கூட்டியே ஒரு பேக்கேஜ் பேசியிருப்பார்கள்: பிளீச், ஃபேஷியல், வாக்ஸிங், பீல் (அமிலம் பூசித் தோலின் மேலடுக்கை உரிப்பது). மருந்து சாப்பிடும்போது பிளீச்சும் தேய்க்கிற ஃபேஷியலும் வேண்டாம். பீல், லேசர் விஷயத்தில் முன்பு எல்லாவற்றுக்கும் 6 மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். 2017-ல் அமெரிக்கச் சரும அறுவை மருத்துவச் சங்கம் சான்றுகளைப் பார்த்து, மேலோட்டமான பீலையும் முடி நீக்கும் லேசரையும் அப்படித் தள்ளிப்போட வலுவான ஆதாரம் இல்லை என்று சொன்னது; தோலைச் சுரண்டி எடுக்கும் சிகிச்சைக்கும் முழுதாக எரித்தெடுக்கும் லேசருக்கும் காத்திருக்க வேண்டும் என்பதில் மாற்றமில்லை. அந்தத் தளர்வு மருத்துவரின் கையில் நடக்கும் சிகிச்சைக்குத்தான், பார்லர் மேசைக்கு இல்லை.

மேக்கப் போடுகிறவரிடம் மருந்தின் பெயரை எழுதிக் கொடுங்கள். முகூர்த்தத்துக்கு ஒரு வாரம் முன்பே, நீங்கள் தினமும் பூசும் அதே க்ரீமின் மேல் ஒரு தடவை மேக்கப் போட்டுப் பார்த்து, திட்டு விழுகிறதா, எரிகிறதா என்று பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். மேக்கப்பைக் கலைக்க ஆல்கஹால் துடைப்பான் வேண்டாம், கிளென்சிங் பாம் ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.